திங்கட்கிழமைத் தண்ணீர்

கிள்ளானில் காப்பார் சாலையை விட்டு உள்ளே திரும்பினால் வருகிற குடியிருப்புத் தாமானில், கடைசி வரிசையின் கடைசி வீடு குமுதாவுடையது. மூலை வீடு என்பதால் பக்கவாட்டில் மூன்று கார் நிற்கிற அளவுக்கு நிலம் மிச்சம். அதில் அவள் கணவர் கமலநாதன் இரும்புக் குழாய்களை நட்டு, மேலே வெளிச்சம் இறங்குகிற பிளாஸ்டிக் தகடு போட்டு, நூற்றிருபது மல்லிகைச் செடிகளைக் கறுப்புத் தொட்டிகளில் வரிசைகட்டி வைத்திருந்தார். தகடு இல்லாவிட்டால் கிள்ளானின் சாயங்கால மழை மொட்டு முழுவதையும் அடித்துக் கொட்டிவிடும், மண்ணின் சத்தையும் கரைத்துக்கொண்டு போய்விடும். தொட்டிச் செடிக்கு எவ்வளவு தண்ணீர் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும், வானத்திடம் விடக்கூடாது என்பது அவர் கட்சி.

கமலநாதனுக்கு ஐம்பத்தாறு வயது. கோலாலம்பூரில் ஹோட்டல்களிலும் அலுவலகக் கட்டடங்களிலும் செடி பராமரிக்கிற ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் வேலையாட்களை மேற்பார்க்கிற மண்டோராக இருந்தவர். சிறுநீரகம் இரண்டும் படுத்து ஆறு வருஷம் ஆகிறது. திங்கள், புதன், வெள்ளி காலையில் டயாலிசிஸ் நிலையத்துக்குப் போய் நான்கு மணி நேரம் ரத்தம் கழுவிக்கொள்ள வேண்டும். ஊசி குத்துவதற்காக இடது கையில் தைத்து வைத்த ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது. பிறகு வலது கையிலும் அடைத்துக்கொண்டது. இப்போது கழுத்துக்குக் கீழே ஒரு குழாய் செருகியிருக்கிறார்கள். இதுவும் போனால் வேறு இடம் தேடுவது கஷ்டம் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன அன்று, திரும்பி வரும்போது காரில் அவர், "போதும் குமுதா. இனிமே போகல," என்றார். அடுத்த இரண்டு முறை போகவும் இல்லை. முகம் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு நாற்காலியிலேயே உட்கார்ந்து தூங்கினார்.

அப்போதுதான் பிரிக்பீல்ட்ஸில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கும் கார்த்திகேசு போன் செய்தார். தீபாவளிக்கு மொட்டும் இலையுமாக நூற்றிருபது மல்லிகைத் தொட்டி கிடைக்குமா என்று கேட்டார். அது பிப்ரவரி மாதம். குச்சி வெட்டி நட்டு, வேர்பிடித்து, விற்கிற பதத்துக்கு வர எட்டு மாதம் வேண்டும். கமலநாதன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "சரி, தீபாவளி வரைக்கும் போறேன்," என்றார். தீபாவளிக்கு அப்புறம் என்ன என்று குமுதா கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயந்தாள்.

தீபாவளிக்கு ஐந்து வாரம் இருந்தபோது, துணி காயப்போட வந்தவள் முதலில் அதைப் பார்த்தாள்.

"என்னங்க, இங்க வந்து பாருங்களேன். இல ஓரம் தீஞ்ச மாதிரி இருக்கு."

உள்ளிருந்தே கேட்டார். "மேல் இலயா, கீழ் இலயா?"

"கீழ்தான். மேல நல்லாத்தான் இருக்கு."

பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து தொட்டியின் முன்னால் போட்டு உட்கார்ந்தார். இலையைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்தார். நுனியும் இரு விளிம்பும் பழுப்பாக, நடு மட்டும் பச்சையாக இருந்தது. அவர் முகம் தெளிந்துவிட்டது. விஷயம் பிடிபட்டால் வருகிற தெளிவு அது.

செடிக்குப் பசி வந்தால் எந்த இலையில் காட்டுகிறது என்பதுதான் முதல் கேள்வி என்பார் அவர். சில சத்துகளைச் செடி ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்த்திக்கொள்ளும். சிலவற்றை நகர்த்த முடியாது. இரும்புச் சத்து போதாவிட்டால் நகர்த்த வழியில்லாமல் இளம் இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். பொட்டாசியம் போதாவிட்டால் செடி அதை வயதான இலையிலிருந்து உருவி இளசுக்கு அனுப்பிவிடும். உருவப்பட்ட இலை ஓரத்திலிருந்து கருகும்.

"மொட்டுக் கட்டுற நேரம் பாரு. எல்லாம் மொட்டுக்குப் போகுது. பொட்டாஷ் பாஜா ரெண்டு தடவ குடுத்தா சரியாயிடும்."

"அதுல பொட்டாசியமா இருக்கு? உங்களுக்குக் கூடாதுங்கிறாங்களே, அதுவா?"

"அதே சாமான்தான். நான் ரெண்டு வாழப்பழம் தின்னா நெஞ்சு நின்னுடும். இது தின்னா பூக்கும். குடுத்து வச்ச பொறப்பு லா."

சிரித்தார். குமுதாவும் சிரித்தாள். அவர் சிரித்து அவள் பார்த்து நாளாகியிருந்தது. அந்தப் பாஜா உரத்தைக் கரைத்துத் தொட்டிக்கு ஒரு குவளை என்று அவளே ஊற்றினாள். பத்து நாள் கழித்து இன்னொரு குவளை.

கருகல் நிற்கவில்லை. கீழ் இலையிலிருந்து நடு இலைக்கு ஏறியது. மொட்டுகள் கடுகு அளவிலேயே நின்று, தொட்டால் உதிர்ந்தன. மண் ஈரமாக இருக்கும்போதே மதியத்தில் செடிகள் தலையைத் தொங்கப் போட்டன. "இன்னும் பத்தலையோ," என்று கமலநாதன் மூன்றாவது முறைக்கு உரத்தைத் தேடினார்.

குமுதாவைத் தடுத்தது ஒரே ஒரு தொட்டி. வீட்டுக் கூரையும் பிளாஸ்டிக் தகடும் சேருகிற மூலையில் மழைநீர்க் குழாய் இணைப்பு ஒழுகும். பெய்கிற மழையெல்லாம் அதற்குக் கீழே இருந்த ஒரு தொட்டியில் சொட்டும். பெருக்கும்போது அவள் கவனித்தாள். அந்தச் செடி மட்டும் பச்சைப் பசேலென்று, அரிசி அரிசியாக மொட்டோடு நின்றது.

"இது மட்டும் ஏங்க தீயல?"

"அது… நல்ல செடி. சிலது அப்படித்தான்."

"மழைத் தண்ணி சத்தக் கரச்சிட்டுப் போயிடும்னுதான தகடே போட்டீங்க? இங்கதான் நாள் முழுக்க சொட்டுது. பசின்னா மொதல்ல இதுக்குல்ல பசிக்கணும்?"

கமலநாதன் உள்ளே போய், மேசை இழுப்பறையைக் கிளறி மீட்டரை எடுத்து வந்தார். பேனா மாதிரி இருக்கும். முனையில் இரண்டு சிறிய கம்பிகள். சுத்தமான தண்ணீரில் மின்சாரம் சரியாக ஓடாது. உப்பு எவ்வளவு கரைந்திருக்கிறதோ அவ்வளவு ஓடும். எவ்வளவு ஓடியது என்பதை அது எண்ணாகக் காட்டும்.

ஒரு தொட்டியைச் செங்கல் மேல் ஏற்றி அடியில் சாஸர் வைக்கச் சொன்னார். வாளியில் கொஞ்சம் பிடித்து வைத்திருந்த மழைநீரை மேலே மெதுவாக ஊற்றினாள். மண்ணுக்குள் தேங்கியிருந்த பழைய நீரை அது கீழே தள்ளியது. முதலில் சொட்டியதில் மீட்டரை வைத்தார். எண் ஏறி நின்றது.

"அஞ்சாயிரத்து இருநூறு," என்றார். "அந்த மூலத் தொட்டியக் கொண்டா."

அது நானூறு காட்டியது.

"இது பசியில்ல குமுதா. உப்பு." மீதியும் வழக்கம்போல விளக்கமாகவே வந்தது. "வேருக்குள்ள கொஞ்சம் உப்பு இருக்கும். வெளிய மண்ணுல அதவிடக் கம்மியா இருக்கணும். அப்பத்தான் தண்ணி உள்ள ஏறும். வெளிய கூடிப்போச்சுன்னா ஏறாது. ஈரத்துல நின்னுக்கிட்டே தாகத்துல காயும். ஏறின கொஞ்சநஞ்சமும் இல ஓரத்துல ஆவியாகி, உப்பு அங்கயே தங்கிடும். அதான் ஓரம் தீயுது. பாக்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். பொட்டாஷும் ஒரு உப்புதான். நான் மேல மேல உப்பப் போட்டிருக்கேன்."

"அஞ்சாயிரமும் பாஜாவால வந்ததா?"

"அவ்வளவு வராது. தண்ணிலதான் வந்திருக்கணும். ஆனா தண்ணிய நான் பாத்தேனே. மொத நாளே பாத்தேன். நூத்தி நாப்பது."

ஆகஸ்டிலிருந்து தாமானில் குழாய்த் தண்ணீர் சரியில்லை. ஒரு நாள் வந்தால் ஒரு நாள் சொட்டும். டயாலிசிஸ் நிலையத்தில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிற லோகன்தான் இதைக் கேட்டு இரக்கப்பட்டான். அங்கே தண்ணீரைச் சல்லடை மாதிரியான ஒன்றில் அழுத்தி வடிகட்டுகிறார்கள். பாதி, சுத்த நீராக நோயாளிகளின் இயந்திரத்துக்குப் போகும். மீதி பாதி கழிவுத் தொட்டியில் விழும். "சும்மா சாக்கடைக்குப் போற தண்ணிண்ணே. பாக்க கண்ணாடி மாதிரி இருக்கும்," என்று கேன்களில் பிடித்து, அவர்கள் காரில் அவனே ஏற்றியும் விடுவான். அன்றிலிருந்து மல்லிகைக்கு அந்தத் தண்ணீர்தான்.

"மொத நாளுன்னா என்னிக்கு?" என்றாள் குமுதா.

"ஒரு புதன்கெழம."

சமையலறைக்குப் பின்னால் கேன்கள் இருந்தன. நேற்றுக் கொண்டுவந்தவை இரண்டு. திங்கட்கிழமை கொண்டுவந்தவற்றில் இரண்டைக் கழிவறைக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தாள். நேற்றைய கேன் நூற்றைம்பது. திங்கட்கிழமைக் கேனில் மீட்டரை வைத்துவிட்டு, எண்ணைப் பார்த்து, துடைத்து மறுபடி வைத்தார். இரண்டாயிரத்து எண்ணூறு.

அவளே லோகனுக்குப் போன் செய்தாள்.

"லோகா, ஒரு சந்தேகம்ப்பா. திங்கக்கெழமத் தண்ணியும் மத்த நாள் தண்ணியும் ஒண்ணுதான?"

"ஒண்ணுதாங்க்கா. பேஷன்ட் மெஷின்லேருந்து வர்றது வேற பைப்பு, அத நான் தொடவே மாட்டேன். ஏங்க்கா?"

"ஞாயித்துக்கெழம அங்க எதாச்சும் செய்வீங்களா?"

"ஞாயிறு சாஃப்ட்னர் கழுவும்க்கா, டைமர் போட்டு. அது உள்ள ஜவ்வரிசி மாதிரி மணி மணியா இருக்கும். தண்ணில இருக்கிற சுண்ணாம்ப அதுதான் புடிச்சு வச்சிக்கும். வாரம் முழுக்கப் புடிச்சு நெறஞ்சுடும்ல? அதக் கழட்டி விடறதுக்கு உப்புத் தண்ணி ஓட்டணும். மூட்ட மூட்டயா உப்பு வாங்கி வச்சிருக்கோமே, பாத்திருப்பீங்க." பேசிக்கொண்டே வந்தவன் நின்றான். "அது… அதே தொட்டிக்குத்தான் வரும். அக்கா, செடிக்கு எதும் ஆயிடுச்சா?"

"இல்லப்பா. சும்மாதான் கேட்டேன்."

"இல்ல, இன்னும் ரெண்டு பேரு இந்தத் தண்ணிய வீட்டுக்கு எடுத்துட்டுப் போறாங்க. அதான்."

அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள். ஒலிபெருக்கியில் கமலநாதனும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"கழுவித் தள்ளலாமா?" என்றாள்.

"தள்ளலாம். நல்ல தண்ணி ஒரு தொட்டிக்கு முப்பது லிட்டர் ஊத்தணும். மண்ணு அளவப்போல மூணு பங்கு. உப்பு அடிவழியா ஓடிடும்." கணக்கை அவள் போட்டுக்கொண்டாள். மூவாயிரத்து அறுநூறு லிட்டர். அன்று வியாழன். பைப்பு மாற்றுகிற வேலைக்காக அன்று காலையிலிருந்து ஞாயிறு வரை அந்த வட்டாரம் முழுக்கத் தண்ணீர் இல்லை என்று ஏற்கெனவே அறிவித்திருந்தார்கள். கூரைத் தொட்டியில் இருந்தது குளிக்க, சமைக்க, கழிவறைக்கு. அதிலிருந்து அவள் ஐந்து செடிகளுக்கு எடுத்து ஊற்றினாள். ஆறாவதுக்குப் போனபோது அவர், "வேணாம்மா, நீ குளிக்கணும்," என்று தடுத்தார்.

வெள்ளிக்கிழமை டயாலிசிஸுக்குப் போனார்கள். நிலையத்துக்கு லோரியில் தண்ணீர் வந்திருந்தது. லோகன் கேன்களோடு வந்தபோது, கார் பின்பக்கம் சாமான் நிறைந்திருக்கிறது என்று கமலநாதன் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் கார்த்திகேசு கூப்பிட்டார்.

"நாதன், அடுத்த வாரம் லோரி அனுப்பட்டா? இங்க ஆளுங்க இப்பவே கேக்க ஆரம்பிச்சிட்டாங்க."

"அனுப்புங்க, அனுப்புங்க. கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும்," என்றார் கமலநாதன். குமுதா காதில் விழாததுபோலக் கீரை ஆய்ந்தாள். கீரையை இரண்டு முறை வேகவைத்து நீரை வடித்தால்தான் அவர் சாப்பிட முடியும். பொட்டாசியம் அந்த நீரோடு போகும். மண்ணையும் இப்படி வடித்துவிட முடிந்தால் என்று நினைத்தாள். வடிக்கத்தான் தண்ணீர் இல்லை.

சனிக்கிழமை மூன்றரை மணிக்குத் துறைமுகப் பக்கம் வானம் கறுத்தது. காற்று குளிர்ந்து தகடுகள் படபடத்தன.

"என்னங்க, மழைல தூக்கி வச்சிட்டா?"

கமலநாதன் வானத்தைப் பார்த்தார். "ஒரு மணி நேரம் நல்லா ஊத்திச்சுன்னா போதும். எல்லாம் கழுவிடும்." அவர் குரல் உயர்ந்தது. தகட்டைக் கழற்ற நேரமில்லை, திருகாணிகள் துருவேறிக் கிடந்தன. தொட்டிகளைத்தான் வெளியே கொண்டுபோக வேண்டும். அவரால் தூக்க முடியாது. கழுத்துக் குழாயில் ஈரம் படக்கூடாது. குமுதா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பக்கத்து வீட்டு லிம் அங்கிள் கேஸ் சிலிண்டர் தோம்பு தள்ளுகிற வண்டியோடு வந்தார். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. இருவருமாக வீட்டுக்கு முன்னால் சாலையிலேயே தொட்டிகளை இறக்கினார்கள். இருபது, நாற்பது, எழுபது. நூறைத் தாண்டும்போது முதல் துளி விழுந்தது. கமலநாதன் வாசலில் குடையோடு நின்று, "நல்லா எடவெளி விட்டு வை! ஒண்ணு மழைய ஒண்ணு மறைக்கக் கூடாது!" என்று கத்தினார். அலுவலகக் கட்டடங்களில் ஆட்களை வேலை வாங்கிய குரல். குமுதா தண்ணீர்ப் புட்டியை எடுத்து முழுவதையும் குடித்தாள். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீரே அனுமதிக்கப்பட்ட மனிதர் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மழை பத்து நிமிஷம் தூறியது. சாலை நனைந்து வாசனை எழும்பியது. அப்புறம் மேகம் ஷா ஆலம் பக்கம் நகர்ந்துபோய், அங்கே இடித்தது. இங்கே வெயில் வந்துவிட்டது.

"சிக்கிட் சாஜா," என்றார் லிம் அங்கிள், கொஞ்சம்தான் என்று விரலிடுக்கில் காட்டி. வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

"பரவால்லங்க. கொஞ்சமாச்சும் பேஞ்சிச்சே," என்றாள் குமுதா.

கமலநாதன் ஒரு தொட்டியின் முன் குனிந்து மேல்மண்ணைத் தொட்டார். நேற்றுவரை அங்கே வெள்ளையாகப் பொடி படிந்திருந்தது. அடியிலிருந்து நீர் மேலேறி ஆவியானபோது விட்டுச்சென்ற உப்பு. இப்போது அது இல்லை.

"இது பேயாமலே இருந்திருக்கலாம்மா. மேல ஒதுங்கிக் கெடந்ததக் கரச்சு வேருக்குக் கொண்டு போயிடுச்சு. அடிவழியா வெளிய தள்ள ஆள் இல்லாம."

மறுநாள் காலையில் சாலையில் இலை கொட்டிக் கிடந்தது. குமுதா துடைப்பத்தோடு போய் நின்றாள். பச்சையாக இருந்த இலைகளும் உதிர்ந்திருந்தன. வியாழக்கிழமை கழுவிவிட்ட ஐந்தும் அதே கதிதான். மூலைத் தொட்டி மட்டும், யாரும் தூக்காமல் விட்டது, தன் இடத்தில் மொட்டோடு இருந்தது. அதை அவள் பார்க்க விரும்பவில்லை.

பகல் பன்னிரண்டு மணிக்குக் குழாய் இருமியது. காற்று வந்தது, பிறகு தேநீர் நிறத்தில் தண்ணீர், பிறகு தெளிந்தது. கமலநாதன் மீட்டரை வைத்தார். "எழுபத்தெட்டு. தங்கமான தண்ணி," என்றார். "ரப்பர் குழாய எடு. ஒண்ணொண்ணாப் பாத்துடுவோம்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அவள் தொட்டியைச் செங்கல் மேல் ஏற்றுவாள், சாஸர் வைப்பாள், ஊற்றுவாள். அவர் எண்ணைச் சொல்வார். நாலாயிரத்து அறுநூறு. இன்னும் ஊற்று. இரண்டாயிரத்து நூறு. ஊற்று. தொள்ளாயிரம். நானூற்று இருபது. "இறங்குது பாத்தியா? சொன்னேன்ல, இறங்கும்னு." அவர் முகத்தில் அந்தப் பழைய தெளிவு வந்திருந்தது. முதல் இரண்டு தொட்டிகளுக்கு அவளும் எண்ணைக் கூடவே சொன்னாள். எண் சரியாகிறது, அப்படியானால் செடியும் என்று நினைத்தாள்.

பதினோராவது தொட்டியை இறக்கும்போது தண்டைப் பிடித்துவிட்டாள். பிடித்த கையோடு செடி வந்துவிட்டது. மண்ணில் பிடிப்பே இல்லை. வேர் பழுப்பாக இருந்தது. விரலால் உருவியபோது மேல்தோல் கழன்று, நூல் மாதிரி நடு நரம்பு மட்டும் மிஞ்சியது.

"என்னங்க."

"தெரியும்," என்றார் அவர். "வெள்ளிக்கெழமையே ஒண்ணப் புடுங்கிப் பாத்தேன்."

"அப்ப நேத்து என்னை ஏன் அத்தனையும் தூக்க விட்டீங்க?"

"எல்லாத்துக்கும் அப்படி ஆகியிருக்காதுன்னு நெனச்சேன்."

"இப்ப எதுக்கு ஊத்தச் சொல்றீங்க?"

அவர் மீட்டர் முனையைச் சட்டை நுனியில் துடைத்தார். "நான் பசின்னு சொன்னேன். இருபத்திரண்டு வருஷம் இதத்தான் பாத்தேன், இல பாத்தாத் தெரியும்னு நெனச்சேன். உப்புத்தான், வேற ஒண்ணுமில்லன்னு எனக்குச் சரியாத் தெரியணும். மண்ணு இப்ப நல்லாருக்கு, தண்ணி நல்லாருக்கு. குடிக்கத்தான் உள்ள ஆளில்ல."

அவள் அந்தச் செடியை அதே குழியில் செருகி மண்ணை அமுக்கினாள். அடுத்த தொட்டியை ஏற்றி வைத்தாள். அவள் குரல் சாதாரணமாக வர வேண்டும் என்று பார்த்துக்கொண்டாள்.

"நாளைக்குத் திங்கக்கெழம. டயாலிசிஸ் இருக்கு."

"ம்."

"லோகன்கிட்ட சொல்லணுமே. இன்னும் ரெண்டு பேரு எடுத்துட்டுப் போறாங்கன்னான். பாவம், அவங்க வீட்டுலயும் என்ன செடி வச்சிருக்காங்களோ. நீங்க சொன்னாத்தான் அவனுக்குப் புரியும். நேர்ல வெளக்கமாச் சொல்லுங்க."

"நீ போன்ல சொல்லிடு. ஒனக்குத்தான் இப்ப எல்லாம் தெரியுமே."

தண்ணீர் மண்ணில் இறங்கி, அடித்துளையில் கூடி, சாஸரில் சொட்டத் தொடங்கியது.

"ஆறரைக்குக் கெளம்பணும்ங்க," என்றாள்.

அவர் குனிந்து மீட்டரை வைத்தார். எண்கள் ஓடி நிற்கும்வரை காத்திருந்தார்.

"முந்நூத்தி எண்பது," என்றார். "இது சரியாயிடுச்சு. அடுத்தத வை."